ஆபத்தான காடி வியாபாரி

பத்து வருஷம் கழித்து ஆந்த்ரோன் ஏதென்ஸுக்குத் திரும்பியபோது துறைமுகத்தில் கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு, தன்னோடு கப்பலில் வேறு யாரோ பெரிய மனிதர் வருகிறார் போலிருக்கிறது என்று ஒரு கணம் பின்னால் திரும்பிப் பார்த்தாராம். இதை வேறு யாரும் சொல்லவில்லை. அவரேதான் சொன்னார். அன்றைய விருந்தில் ஒவ்வொரு கிண்ணம் நிரம்பும்போதும் சொன்னார்.

விருந்து நடந்தது பிலினோஸின் வீட்டில். பிலினோஸ் ஆந்த்ரோனின் தங்கை ஆர்க்கிப்பேயின் கணவர். சமையல் அவர் வீட்டு அடுப்பில், மது அவர் வீட்டுத் தாழியில். ஆனாலும் அவருக்குக் கிடைத்த சாய்வுக் கட்டில் கதவோரத்தில், காலிக் கூஜாக்களை அடுக்கும் மூலைக்குப் பக்கத்தில் இருந்தது. விருந்தாளிகள் எல்லோரும் ஆந்த்ரோன் இருந்த பக்கமாகச் சாய்ந்திருந்ததால் பிலினோஸுக்குத் தெரிந்தது முதுகுகள் மட்டும்தான்.

பிலினோஸ் காடி வியாபாரி. ஹிமெட்டோஸ் மலைக்கு அப்பால் ஸ்பெட்டோஸ் என்ற ஊரில் பெரிய தாழிகளில் திராட்சை ரசத்தைப் புளிக்க வைத்து, சுள்ளென்று நாக்கைச் சுண்டும் காடியாக்கி, ஏதென்ஸ் சந்தைத் திடலில் விற்றார். அவர் காடியில் ஒரு சொட்டு விடாமல் நகரத்தில் பருப்புக் கஞ்சி தொண்டையில் இறங்காது. அளவு சரியாக இருக்கும். யாரோடும் வம்பில்லை, தும்பில்லை. நடு வயதைத் தாண்டியும் நீதிமன்றத்தில் ஒரு வழக்குகூட இல்லாத ஏதென்ஸ்காரர் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அந்த விருந்துவரை அதை ஒரு பெருமையாகவே நினைத்திருந்தார்.

ஆந்த்ரோன் கதை வேறு. கப்பற்படைக்குத் தலைமை தாங்கியவர், மேடையில் ஏறினால் குன்றே அதிரப் பேசியவர். இந்த ஆளை விட்டால் ஒருநாள் தனி ஆளாக ஆட்சியைப் பிடித்துக்கொள்வான் என்று ஊர் பயந்தது. அப்படிப் பயம் வந்தால் அதற்கு ஏதென்ஸில் ஒரு வழி உண்டு. ஒரு நாள் குறித்து, ஆளுக்கொரு உடைந்த பானை ஓட்டை எடுத்து, யார் போக வேண்டுமோ அவன் பெயரைக் கீறிப் போடுவார்கள். ஆறாயிரம் ஓடு சேர்ந்தால், அதிகம் பேர் கீறிய பெயருக்கு உரியவர் பத்து வருஷம் நாட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். குற்றம் எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. சொத்தைத் தொட மாட்டார்கள், வருமானம் வந்துகொண்டே இருக்கும், மானமும் போகாது. ஊருக்கு மேலே வளர்ந்துவிட்டாய், கொஞ்ச காலம் கண்ணில் படாமல் இரு, அவ்வளவுதான்.

விருந்துப் பேச்சில் ஒரு இடைவெளி விழுந்தபோது, வீட்டுக்காரர் ஏதாவது பேச வேண்டுமே என்று பிலினோஸ் கதவோரத்திலிருந்து குரல் கொடுத்தார். பத்து வருஷம் ஊரைவிட்டு இருந்தது ரொம்பக் கஷ்டமாக இருந்திருக்குமே மச்சான், என்றார்.

ஆந்த்ரோன் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "உங்களுக்கு அந்தக் கஷ்டம் வராது மாப்ள, நிம்மதியா இருங்க. உங்களைத் துரத்தணும்னா முதல்ல இப்படி ஒரு ஆளு இருக்கான்னு ஊருக்குத் தெரியணுமே."

அறை முழுக்கச் சிரித்தது. பிலினோஸும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்துபோய் மச்சானின் கிண்ணத்தை நிரப்பவும் செய்தார். பிறகு அதை நினைத்துத்தான் அவருக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை உள்கட்டில் ஆர்க்கிப்பே தறியில் இருந்தாள். பிலினோஸ் வாசற்படியிலேயே நின்று, தன்னை ஊரைவிட்டுத் துரத்த வைக்கப்போவதாகச் சொன்னார்.

"யாரு துரத்துவா?" என்று கேட்டாள்.

"ஊரு."

அவள் கையிலிருந்த நூலை விட்டாள். "அண்ணன் சொன்னதை மனசுல போட்டு உழப்பிக்காதீங்க. அவரு சின்ன வயசுலயே அப்படித்தான். ஒரு ஆடு முட்டிக் கீழ தள்ளினதைக்கூட, ஆடு என்னைப் பார்த்துப் பயந்துபோச்சுன்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவரு."

இது மானப் பிரச்சினை, ஆடு பிரச்சினை அல்ல என்றார் பிலினோஸ். ஒரு மனிதனைப் பார்த்து ஊர் ஒருமுறையாவது பயப்பட வேண்டும், இல்லாவிட்டால் அவன் இருந்ததற்கு என்ன அடையாளம் என்று கேட்டார். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நீங்க எங்கயோ போய் பத்து வருஷம் உட்கார்ந்துக்குவீங்க. இங்க நான் யாரு?" என்றாள்.

பிலினோஸ் அதை யோசித்திருக்கவில்லை. "ஆபத்தானவன் பொண்டாட்டி," என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

 ஆர்க்கிப்பே நூலை எடுத்துக்கொண்டு தறியின் பக்கம் திரும்பிவிட்டாள். அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

யோசனை கேட்க அவருக்கு இருந்த ஒரே ஆள் மிக்கியோன். குயவர், பால்ய நண்பர், காடிக்குப் பானை கொடுப்பவர். அந்த வருஷம் குலுக்கலில் பெயர் விழுந்து, மக்கள் சபைக்குப் போகும் தீர்மானங்களை முதலில் பார்க்கும் ஐநூற்றுவர் குழுவிலும் உட்கார்ந்திருந்தார். சக்கரத்தில் ஒரு கூஜாவின் கழுத்தை இழுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டார். சிரிக்கவில்லை. சேற்றுக் கையால் தாடியைத் தடவிக்கொண்டு, "உன்னைப் பார்த்தா யாருக்கும் வயித்துல புளி கரையாதேப்பா. முதல்ல திமிரா நடக்கப் பழகு. மத்ததைப் பிறகு பார்க்கலாம்," என்றார். பிலினோஸ் கிளம்பும்போது, எழுதத் தெரியாதவர்களுக்குக் கொடுக்கத் தன் பெயரைக் கீறிய ஓடுகள் கொஞ்சம் தயாராக இருக்கட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டுப் போனார்.

ஆனால் திமிர் அவருக்குச் சரியாக வரவில்லை. ஊதா மேலங்கி ஒன்றை வாங்கிப் போர்த்திக்கொண்டு சந்தைக்குப் போனார். கண்டவர்களெல்லாம் வீட்டில் கல்யாணமா என்று விசாரித்து வாழ்த்தினார்கள். தடியாட்கள் இரண்டு பேரை அமர்த்தி முன்னும் பின்னும் நடக்கவிட்டார். அடடா, இந்த நல்ல மனிதரையா திருடர்கள் விரட்டுகிறார்கள் என்று தெருவே பரிதாபப்பட்டது. பக்கத்துக் கடைக்காரர் தன் மகனையும் துணைக்கு அனுப்பட்டுமா என்றார். கடைசியில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, மீன்காரன் ஒருவனை நடுச்சந்தையில் நிற்க வைத்து, நீயெல்லாம் ஒரு மனுஷனா, உன் மீன் நாறுகிறது, உன் தராசு பொய் சொல்கிறது என்று வாயில் வந்தபடி திட்டினார். மீன்காரன் திட்டு முடியும்வரை தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பிறகு அவர் தோளில் கைவைத்து, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று மெதுவாகக் கேட்டு, ஒரு விலாங்கு மீனைச் சும்மா கொடுத்தனுப்பினான். ஆர்க்கிப்பே அதை நன்றாகவே சமைத்தாள்.

குளிர்காலத்தின் நடுவில் மக்கள் சபை கூடியது. இந்த வருஷம் ஓட்டில் பெயர் எழுதும் நாள் வைக்கலாமா என்ற கேள்விக்கு வைக்கலாம் என்று கை தூக்கினார்கள். தெர்சிப்போஸ், எவ்தியாஸ் என்று இரண்டு பெரும் பேச்சாளர்கள் அப்போது ஊரை இரண்டாக வகிர்ந்துகொண்டிருந்தார்கள். தெர்சிப்போஸுக்கு நிலபுலன்காரர்கள், எவ்தியாஸுக்குத் துறைமுகத்துப் படகோட்டிகள். ஒருவர் கிழக்கு என்றால் மற்றவர் மேற்கு என்பார். இரண்டில் ஒருவர் போவார் என்று ஊர் நம்பியது. பிலினோஸ் பெயரை யாரும் கனவில்கூட நினைக்கவில்லை.

அப்போதுதான் பிலினோஸுக்கு அந்த யோசனை வந்தது. ஏதென்ஸ்காரன் சோற்றை விடுவான், பேச்சை விட மாட்டான். பேச்சில் கைவைப்பவனை அவன் மன்னிக்கவே மாட்டான். எனவே மக்கள் சபையில் பேச எழுகிற எவரும், மேடை ஏறுமுன் ஒரு கிண்ணம் காடியைத் தண்ணீர் கலக்காமல் குடித்துவிட்டே பேச வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவருவது என்று முடிவு செய்தார். மிக்கியோன் நண்பனுக்காக அதை ஐநூற்றுவர் குழுவில் நுழைத்தார். குழு அன்று கப்பல் கயிறு பற்றிய நீண்ட விவாதத்தில் களைத்துப் போயிருந்ததால், சபையே பார்த்துக்கொள்ளட்டும் என்று தள்ளிவிட்டது.

மக்கள் சபை கூடும் பினிக்ஸ் குன்றின் மேடையில் பிலினோஸ் வாழ்க்கையில் முதல்முறையாக ஏறினார். பேசுகிறவருக்குரிய மலர்வளையத்தைக் கட்டியக்காரர் தலையில் வைத்தபோது அது நழுவிக் காதில் தொங்கியது.  கொண்டுவந்த தீர்மானத்துக்குத் தானே முதலில் கட்டுப்பட வேண்டும் என்று தோன்றியது. ஒரு கிண்ணம் நிறைய காடியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். கண்ணில் நீர் பொங்கியது. தீர்மானத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, வேறெதுவும் பேச முடியாமல் நின்றார்.

 கல் பறந்து வரும் என்று பிலினோஸ் கண்ணை மூடிக்கொண்டார். பின்வரிசையில் அகர்னாய் ஊர்க் கரிமூட்டக்காரர் ஒருவர் முதலில் சிரித்தார். அது அடுத்தவருக்குத் தொற்றி, வரிசை வரிசையாக இறங்கி வந்தது. கண்ணைத் திறந்தபோது கண்ணுக்கெட்டிய தூரம்வரை கைகள் உயர்ந்திருந்தன. பரம்பரை பரம்பரையாகக் கல்லில் உட்கார்ந்து அடுத்தவன் பேச்சைக் கேட்டுக்கேட்டு இடுப்பு விட்டுப்போன ஒரு நகரம், தனக்கு விடுதலை வந்துவிட்டது என்று உணர்ந்த நேரம் அது.

அதன் பிறகு நடந்ததை ஏதென்ஸ் நீண்ட காலம் சொல்லிக்கொண்டிருந்தது. விடியற்காலையில் கூடி உச்சிப்பொழுது தாண்டியும் முடியாத சபை, இப்போது ஆட்டுக்குட்டி புல் மேய்ந்து வருவதற்குள் முடிந்தது. தெர்சிப்போஸின் புகழ்பெற்ற இடிமுழக்கக் குரல் காடி பட்டதும் கதவுக் கீல் போல் கிறீச்சிட்டது. எவ்தியாஸ் முன்னோர்களின் பெருமையில் தொடங்குவது வழக்கம். இப்போது மூன்றாவது முன்னோருக்கு மேல் அவரால் போக முடியவில்லை. ஒரு நாள் மெகாரா நகரத்தின் மீது போர் தொடுக்க வேண்டும் என்று பேச வந்தவர், "மெகா" என்பதோடு இருமத் தொடங்கி இறங்கிவிட்டார். போர் நின்றுபோனது. மெகாராக்காரர்களுக்குக் கடைசிவரை விஷயம் தெரியாது. அதே சமயம், தெருச் சாக்கடை பற்றிப் பல வருஷமாகப் பேச நினைத்துத் துணிவில்லாமல் இருந்த ஒரு செருப்புத் தைப்பவர், ஒரு கிண்ணத்துக்கு இரண்டு கிண்ணமாகக் குடித்துவிட்டு, சாக்கடையைத் தூர் வாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். அவருக்கு எழுந்த கைதட்டல் நெடுநேரம் ஓயவில்லை. சாக்கடையும் தூர் வாரப்பட்டது.

தன்னை வெறுப்பார்கள் என்று காத்திருந்த பிலினோஸ் சந்தையில் நடக்க வழியில்லாமல் தவித்தார். நடக்கிற இடமெல்லாம் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். வீட்டுக்குள்ளேயும் ஒரு மாற்றம் வந்திருந்தது. தண்ணீர் எடுக்கப் போகும் வேலைக்காரி மேனியா ஊற்றடியில் பெண்கள் பேசுவதைச் சுமந்து வந்து கொட்ட, ஆர்க்கிப்பே அதைக் கேட்டுக் கேட்டுச் சிரிப்பாள். தெர்சிப்போஸின் மனைவி, கல்யாணமான நாளிலிருந்து இப்போதுதான் வீட்டில் ஒரு வார்த்தை தன்னால் பேச முடிகிறது, அந்த மனிதருக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று ஊற்றடியிலிருந்து பிலினோஸின் மனைவிக்கு நன்றி சொல்லியனுப்பியிருந்தாள். ஒரு நாள் பிலினோஸ் வெளியே கிளம்பும்போது ஆர்க்கிப்பே அவர் மேலங்கி மடிப்பைத் தானே சரிசெய்துவிட்டாள். அவர் அதை நாள் முழுக்கக் கலைக்காமல் வைத்திருந்தார்.

குளிர் தளர்ந்து, புது மதுத் தாழிகளைத் திறக்கும் திருவிழா வந்தது. ஊரே ஆளுக்கொரு கூஜாவோடு உட்கார்ந்து, பேசாமல், யார் முதலில் குடித்து முடிப்பது என்று போட்டி போடும் நாளில், பிலினோஸை நடு வரிசையில் உட்கார வைத்தார்கள். போட்டியில் அவர் கடைசியாக வந்தார். அதற்கும் கைதட்டினார்கள். வெயில் இதமாக இருந்தது. குழந்தைகள் தலையில் பூ வைத்துக்கொண்டு ஓடினார்கள். இந்த ஊரைவிட்டு நான் ஏன் போக வேண்டும் என்று அப்போதுதான் பிலினோஸுக்குத் தோன்றியது. வீட்டுக்குப் போனதும் ஆர்க்கிப்பேயிடம், அந்தப் பேச்சை விட்டுவிட்டேன், போகவில்லை என்றார். அவள், "நல்லது, ஊறுகாய் போட ஆள் வேணும்," என்றாள்.

ஆனால் அதே நாட்களில்தான், வாழ்நாளில் எதிலும் ஒத்துப்போகாத தெர்சிப்போஸும் எவ்தியாஸும் ஒரே மருத்துவர் வீட்டுக் கூடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சந்தித்துக்கொண்டார்கள். இருவருக்கும் ஒரே நோய். மருத்துவர் பெருங்காயக் கஷாயம் கொண்டுவருவதற்குள் இருவரும் உடன்பாட்டுக்கு வந்துவிட்டார்கள். நிலபுலன்காரர்களும் படகோட்டிகளும் ஒரே பெயரைக் கீற வேண்டும். அந்தப் பெயர் பிலினோஸ்.

பிலினோஸுக்கு அது தெரியவந்தது மிக்கியோனின் பட்டறையில். காடிப் பானை செய்யச் சொல்லப் போனவர், மூலையில் கூடை கூடையாக ஓடுகள் குவிந்திருப்பதைப் பார்த்தார். ஒன்றை எடுத்துத் திருப்பினார். பிலினோஸ், மெனோன் மகன், ஸ்பெட்டோஸ் என்று அழகான எழுத்தில் கீறியிருந்தது. இன்னொன்றை எடுத்தார். அதிலும் அதேதான்.

"என்னடா இது?"

"நீதானேப்பா குளிர்காலத்துல சொல்லிவெச்சே," என்றார் மிக்கியோன்.

"கொஞ்சமா கேட்டேன். அதுவும் அப்போ. இப்போ வேணாம்."

மிக்கியோன் சக்கரத்தை நிறுத்தினார். அவர் கொஞ்சம் சங்கடப்பட்டதைப் பிலினோஸால் பார்க்க முடிந்தது. "நீ கேட்டதை எப்பவோ முடிச்சுட்டேன். மிச்சமெல்லாம் ரெண்டு பெரிய வீட்டுக்காரங்க கேட்டது. உன் பேரு எழுதி எழுதிக் கை பழகிப்போச்சு. வர்ற வேலையை எப்படி வேணாம்னு சொல்றது? உனக்கும் பிடிக்கும்னு நினைச்சேன்."

நண்பன் மேல் கோபப்படக்கூட பிலினோஸுக்குத் தெம்பில்லை. அன்றிலிருந்து அவர் வீடு வீடாக ஏறி இறங்கினார். தச்சர் தெரு, தோல் பதனிடுபவர் தெரு, துறைமுகம், கிராமங்கள். தயவுசெய்து என் பெயரை எழுதாதீர்கள் என்று கெஞ்சினார். நான் ஆபத்தானவன் அல்ல, எனக்கு எந்த ஆசையும் இல்லை, எனக்குத் தெரிந்ததெல்லாம் காடி மட்டும்தான் என்றார். குளிர்காலத்தில் அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்ட அதே முகங்கள் இப்போது யோசிக்கத் தொடங்கின. ஆசையில்லாதவன் ஏன் இவ்வளவு தூரம் நடந்து வருகிறான்? ஊதா மேலங்கி போட்டானே, அது எதற்கு? தடியாட்களை வைத்துக்கொண்டானே, யாரை அடிக்க? மீன்காரன்கூடத் தலையைச் சொறிந்துகொண்டான். அன்றைக்கு அவர் திட்டியபோது வீட்டுப் பிரச்சினை என்று நினைத்தது தவறோ என்னவோ என்றான். அகர்னாய்க் கரிமூட்டக்காரர் வாசலிலேயே வைத்துச் சொல்லியனுப்பினார்: "எங்க எல்லார் வாயையும் ஒரே கிண்ணத்துல அடைச்சவன் நீ. உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதான் பயமா இருக்கு."

அந்த வாரங்களில் பிலினோஸைக் காப்பாற்ற உண்மையாகவே பாடுபட்ட ஒரே ஆள் ஆந்த்ரோன்தான். செய்தி கேட்டதும் முகம் சிவக்க வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நான் கடல்ல ஜெயிச்சேன், ஊரு பயந்துச்சு, துரத்துச்சு. அது முறை. நாளைக்கு உங்களையும் துரத்தினா, என்னைத் துரத்தினதுக்கு என்ன மாப்ள மரியாதை?"

"அப்போ தடுத்து நிறுத்துங்க மச்சான்," என்று பிலினோஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆந்த்ரோன் இறங்கித்தான் வேலை செய்தார். சந்தைத் திடலின் தூண்களுக்கு அடியில் நின்றுகொண்டு, ஊரைவிட்டுத் துரத்தப்படுவதற்கும் ஒரு தகுதி வேண்டும், கேவலம் காடிக்காரனுக்கெல்லாம் அந்தப் பெருமையைக் கொடுத்து அதை அசிங்கப்படுத்தாதீர்கள் என்று நாள்தோறும் முழங்கினார். மேடைக்கு வெளியே பேசியதால் காடி குடிக்க வேண்டியிருக்கவில்லை. எனவே நிறையப் பேசினார். கேட்டவர்களில் காடிக்காரர்கள் இருந்தார்கள், எண்ணெய்க்காரர்கள், வெங்காயக்காரர்கள், தொத்திறைச்சி விற்பவர்கள் இருந்தார்கள். கேவலமா, துரத்தப்பட எங்களுக்குத் தகுதி இல்லையா, பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் அதுவும் ஒதுக்கியிருக்கிறதா என்று கொதித்துப் போனார்கள். அதுவரை வாக்களிக்க வருவதாகவே இல்லாதவர்களும் தங்களில் ஒருவனுக்கு அந்த மரியாதையை வாங்கிக் கொடுத்தே தீருவது என்று ஓடு பொறுக்கப் போனார்கள்.

அந்த நாள் வந்தது. சந்தைத் திடலைச் சுற்றிப் பலகை வேலி கட்டி, குலத்துக்கொரு வாசல் விட்டிருந்தார்கள். ஓட்டைக் கவிழ்த்துப் பிடித்தபடி ஆட்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். பிலினோஸும் தன் குலத்து வாசலில் வரிசையில் நின்றார். முன்னால் நின்றவர் நாகரிகமாகத் தன் ஓட்டை மேலங்கிக்குள் மறைத்துக்கொண்டு, காலையில் சாப்பிட்டீர்களா என்று விசாரித்தார். பிலினோஸ் கையில் வெற்று ஓடு இருந்தது. தெர்சிப்போஸ் பெயரை எழுதலாம் என்று ஆணியை வைத்தார். அந்த மனிதரின் தொண்டையும் வயிறும் நினைவுக்கு வந்தன. தன்னால்தானே என்று தோன்றியது. எவ்தியாஸுக்கும் அதே கதை. மச்சான் பெயரை எழுதினால் அவர் மறுபடியும் சந்தோஷப்படுவார். வாசல் நெருங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் 'இருமல்' என்று எழுதிப் போட்டுவிட்டு வந்தார்.

எண்ணி முடிக்க வெகு நேரம் பிடித்தது. ஆறாயிரத்தைத் தாண்டி எங்கோ போயிருந்தது. கட்டியக்காரர் பெயரை அறிவித்தபோது திடலில் யாரும் கூச்சல் போடவில்லை. ஒரு கல்யாணம் நல்லபடியாக முடிந்தது போல எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். பிறகு வரிசையாக வந்து பிலினோஸைக் கட்டிப்பிடித்தார்கள். மீன்காரன் அழுதான். போகிற ஊரில் விலாங்கு சாப்பிட வேண்டாம், சேற்று வாசம் அடிக்கும் என்றான். கரிமூட்டக்காரர், நீ போனாலும் கடை இருக்கும்தானே, எங்கள் வீட்டில் காடி தீர்ந்துவிட்டது என்று கேட்டார். தெர்சிப்போஸும் எவ்தியாஸும் தோளோடு தோள் நின்று ஆசீர்வதிப்பதுபோல் தலையசைத்தார்கள். அடுத்த சபையிலேயே காடித் தீர்மானத்தை நீக்கக் கோரி இருவரும் சேர்ந்து முன்மொழிந்தார்கள். அதற்கு முன் சட்டப்படி ஆளுக்கொரு கிண்ணம் குடிக்க வேண்டியிருந்ததால் என்ன சொல்கிறார்கள் என்று யாருக்கும் புரியவில்லை. தீர்மானம் தப்பித்தது.

 அன்று வீட்டில் ஆர்க்கிப்பே பெட்டிகளைத் திறந்து அடுக்கத் தொடங்கினாள். பிலினோஸ் தன் துணிகளை எடுத்து வைக்கிறாள் என்று நினைத்தார். அருகில் போய்ப் பார்த்தபோது பாதி அவளுடையது.

"சட்டம் உனக்கில்லையே. நீ இங்கயே இருக்கலாம்," என்றார்.

"இருக்கலாம். அண்ணன் தினமும் வந்து உட்கார்ந்து கப்பல் கதை சொல்லுவாரு, கேட்டுக்கிட்டு இருக்கலாம்," என்றாள். "அந்தக் கம்பளியை இப்படி எடுங்க."

ஆந்த்ரோன் வழியனுப்ப வரவில்லை. அவருக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு ஆள் வந்து சொன்னான்.

வளைகுடாவைத் தாண்டி திரோயிசேன் என்ற ஊரில் அவர்கள் குடியேறினார்கள். எலுமிச்சை நிறத்தில் ஒரு வீடு, கொஞ்சம் தோட்டம், நடந்தால் கடல். அக்கம்பக்கத்தார் காலையில் வந்து பேசுவார்கள் என்று ஆர்க்கிப்பே அத்திப்பழத்தைத் தட்டில் எடுத்து வைத்துக் காத்திருந்தாள். யாரும் வரவில்லை. பிலினோஸ் சந்தைக்குப் போனால் பேச்சு நின்றது. பெண்கள் குழந்தைகளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்கள். ஏதென்ஸே பயந்து துரத்திய ஆள், அதுவும் ஏழைகளும் பணக்காரர்களும் ஒன்றுசேர்ந்து துரத்திய ஆள், நம் ஊரில் வந்து இறங்கியிருக்கிறான் என்று திரோயிசேனின் ஆட்சிமன்றம் அவசரமாகக் கூடி, அவரைக் கண்காணிக்க ஈட்டியோடு இரண்டு காவலர்களை நியமித்தது.

மூத்தவன் பெயர் லாகோன், சிறியவன் பெயர் பூரோஸ். பிலினோஸ் எழுந்தால் அவர்களும் எழுந்தார்கள், அவர் கடலோரம் நடந்தால் பின்னால் நடந்தார்கள், அவர் நின்று நீரைப் பார்த்தால் அதில் படை எதுவும் வருகிறதா என்று அவர்களும் பார்த்தார்கள். முதல் சில நாட்கள் பிலினோஸ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். தன்னைப் பார்த்து ஒரு நாய்கூட ஒதுங்கியபோது அவருக்கு உள்ளூரக் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி ஒரு மாதம்கூட நிற்கவில்லை. பேச ஆளில்லாத சாப்பாடு சாப்பாடாகவே இல்லை. நான் வெறும் காடி வியாபாரி என்று காவலர்களிடம் சொல்லிப் பார்த்தார். லாகோன் மரியாதையாகத் தலையாட்டினான். ஆபத்தான ஆள் அப்படித்தான் சொல்வான் என்று அவனுக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள்.

மழை கொட்டிய ஒரு மத்தியானம் ஆர்க்கிப்பே வாசல் கதவைத் திறந்து, சொட்டச் சொட்ட நின்ற இருவரையும் உள்ளே கூப்பிட்டாள். கட்டளையில் சாப்பாடு பற்றி ஒன்றும் இல்லையே என்று லாகோன் தயங்கினான். உள்ளே உட்கார்ந்து கண்காணித்தால் இன்னும் கிட்ட இருக்கும் என்று அவள் சொன்னது அவனுக்கு நியாயமாகப் பட்டது. ஈட்டிகளைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பருப்புக் கஞ்சிக்கு உட்கார்ந்தார்கள். பிலினோஸ் வழக்கம்போல் கஞ்சியில் ஒரு சொட்டு காடி விட்டார். பூரோஸ் ஒரு வாய் வைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் விடச் சொன்னான். இந்த ஊர்க் காடி தண்ணீர் மாதிரி என்றான். பிலினோஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். எந்தத் திராட்சை, எந்தத் தாழி, எவ்வளவு நாள் மூடி வைக்க வேண்டும் என்று பல மாதங்களுக்குப் பிறகு மூச்சு விடாமல் பேசினார். இருவரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள்.

கிளம்பும் நேரத்தில் லாகோன் ஈட்டியை எடுக்காமல் நின்றான். பூரோஸை முன்னால் போகச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு பிலினோஸிடம் வந்தான்.

"ஐயா, ஒண்ணு கேட்கணும். நீங்க இந்த ஊரைப் பிடிக்கிறப்போ எங்களை வேலையை விட்டு எடுத்துடுவீங்களா? எனக்கு மூணு பொண்ணுங்க."

பிலினோஸ் மறுப்பதற்காக வாயைத் திறந்தார். அந்த மனிதனின் முகத்தில் இருந்த கவலை நிஜமானது. ஆர்க்கிப்பே அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுக்க மாட்டேன்பா," என்றார் பிலினோஸ். "நீங்க ரெண்டு பேரும் இருப்பீங்க."

லாகோன் நெஞ்சில் கைவைத்து வணங்கினான். ஆர்க்கிப்பே மீதிக் கஞ்சியை ஒரு சட்டியில் ஊற்றி, பெண்பிள்ளைகளுக்கு என்று அவன் கையில் கொடுத்தாள். நாளைக்கு மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதே நேரத்துக்கு வந்துவிடச் சொன்னாள்.